கண்ணில்லாத தேரி வண்டு

பாளையங்கோட்டை மிஷன் காம்பவுண்டில் குடியிருந்த தேவசிகாமணி வாத்தியாருக்குப் பூச்சிப் பைத்தியம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுக்கிறவர் என்பதால் ஊர் அதை மரியாதையாகச் சொல்லியது. பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். மனைவி சாலோமிக்கு அடுத்தபடியாக அவர் நேசித்தது அதைத்தான். இந்த வரிசை சரிதானா என்று சாலோமிக்குச் சந்தேகம் உண்டு.

அவர் தேடியது பட்டாம்பூச்சி, பொன்வண்டு மாதிரி பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிற சமாசாரம் அல்ல. மண்ணுக்கடியில் வாழ்கிற தரை வண்டுகள். எள்ளில் பாதிகூட இராது. ஈரமில்லாவிட்டால் செத்துப்போகும். இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே சாவதால் சிலவற்றுக்குக் கண்ணே கிடையாது. சீமையில் இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடி எழுதியிருந்தார்கள். நம் ஜில்லாவில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. வேட்டைக்கு வந்த துரைமார் பொழுது போகாமல் பிடித்த பூச்சிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுப் போகும்போது, இங்கேயே பிறந்து வளர்ந்தவன் ஒன்றுக்காவது பெயர் வைக்கக் கூடாதா என்று அவருக்கு ஓர் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். அதைத் தீர்த்துக்கொண்ட விதத்தில்தான் கோளாறு.

1911-ஆம் வருஷம் கோடை விடுமுறைக்குச் சாலோமியின் பிறந்த ஊரான சாத்தான்குளத்துக்குப் போனார்கள். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு வேலை என்ன இருக்கிறது? குடையை விரித்துக்கொண்டு, கையில் ஒரு களைக்கொத்தியும் காலி மண்ணெண்ணெய் டின்னுமாகத் தேரிக்காட்டுப் பக்கம் புறப்பட்டுவிடுவார். தேரி என்றால் செம்மணல் மேடு, காலைப் பொசுக்கும். கிளறினால் அடியிலும் அதே சூடு. புழுகூடக் குடியிருக்காத மண்ணில் வண்டு எங்கே இருக்கும்?

ஓரிடத்தில் மட்டும் ஈரம் இருந்தது. தேரி தொடங்குகிற இடத்தில் சங்கிலிபூதத்தான் என்பவருடைய பனந்தோப்பு, அந்த ஊர்ப் பேச்சில் விளை. அதன் மூலையில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் சுண்ணாம்பு பூசிய மண் பீடம். சங்கிலிபூதத்தான் குடும்பத்தின் சாமி அது. தினமும் காலையில் அவர் மனைவி பேச்சித்தாய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பீடத்தடியில் ஊற்றுவாள். கோடையோ மழையோ, அது தவறாது. அந்த மே மாதத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு நனைந்த மண் அது ஒன்றுதான்.

வாத்தியார் அந்தப் பக்கம் நடந்தார், நின்றார், திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. கேட்டிருக்கலாம். கேட்டால் வெட்டக் கூடாது என்பார்கள். அதைவிட, மிஷன் வாத்தியார், சபைக் கமிட்டி மெம்பர், ஒரு சாமி பீடத்தின் முன்னால் போய் மண்ணுக்குக் கையேந்தி நின்றார் என்று மாமனார் ஊர் முழுக்கப் பேசும். அந்த வெட்கத்துக்குப் பயந்து கேட்காமலே இருந்துவிட்டார்.

உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். சாமி நடமாடுகிற நேரம் என்று பயம். இந்தப் பயத்தை மூடத்தனம் என்று வகுப்பில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுக்கிறவர், அன்று அதையே காவலுக்கு வைத்துக்கொண்டு பீடத்தின் பின்பக்கம் குந்தினார். களைக்கொத்தியால் செம்மணலை ஒதுக்கினார். ஒரு முழம் தோண்டியதும் மண் கறுத்தது. இலை மக்கிய வாசம். கையில் எடுத்தால் உதிராமல் ஒட்டியது. செம்மணல் காட்டில் இப்படி ஒரு கறுப்பு மண்ணா என்று அவருக்கே ஆச்சரியம். வேப்பிலை விழுந்து மக்கியிருக்கும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கறுத்திருக்கும் என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். கறுப்பு மண் அதிகம் இல்லை. இருந்ததை வழித்து டின்னில் போட்டுக்கொண்டு, குழியைச் செம்மணலால் மூடித் தட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் கொல்லையில் ஓர் அகன்ற மண்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தார். மண் அடியில் போய்விடும், லேசான ஜந்துக்கள் மிதக்கும். மிதந்ததை மஸ்லின் துணியில் வடித்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்து, லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்த்துண்டு, எறும்பின் கால், விதைத் தொலி. அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு புள்ளி நடந்தது.

அவர் மூச்சு விடவில்லை. மூச்சுக் காற்றில் பறந்துவிடுமே.

மொத்தம் நாலு கிடைத்தன. கலக்கிய சேற்றுத் தண்ணீரை வழக்கம்போலச் சாலோமியின் பிச்சிக்கொடிப் பாத்தியில் ஊற்றினார். அந்தப் பிச்சிப்பூ சனிக்கிழமை சாயங்காலம் பறிக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் பூச்சாடிக்குப் போகும்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் வேறு பேச்சில்லை. வண்டுகளை வேலம்பிசினால் முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டினார். ஒன்று பிசினில் முங்கிப் போனதற்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடியிருந்தது. மார்புக் கவசம் வெற்றிலையைத் தலைகீழாக வைத்த வடிவம். சிறகு மூடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, அடியில் சிறகே இல்லை. உடம்பில் அங்கங்கே நீள ரோமம். எந்த ரோமம் எந்த இடத்தில் முளைக்கிறது என்பதுதான் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்துக் காட்டும். எள்ளில் பாதி இல்லாத ஜந்துவுக்கு இங்கிலீஷில் இரண்டு பக்கம் விவரம் எழுதினார். அடித்து அடித்து எழுதினார். இரண்டு வண்டுகளைப் பஞ்சில் வைத்துச் சீமைக்கு அனுப்ப, வண்டு சாஸ்திரத்தில் தேர்ந்த ஒருவர் பார்த்துவிட்டு, புதிய இனம்தான், நீரே பெயர் வையும் என்று பதில் போட்டார்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. தேரியில் வாழ்வது என்று பொருள்படும்படி ஒரு லத்தீன் பெயரை வைத்தார். சுடுமணல் காட்டில் கண்ணில்லாத வண்டு வாழ்கிறது என்பது இதுவரை யாருக்கும் தெரியாத விஷயம் என்று கட்டுரையில் அழுத்திச் சொன்னார். 1913 தொடக்கத்தில் அது பம்பாயில் அச்சானது. தலைமையாசிரியர் அதைப் பள்ளிக்கூடம் முழுவதையும் நிற்கவைத்து வாசித்தார். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள். குருவானவர் பிரசங்கத்திலும் அந்த வண்டு வந்தது.

அந்த மே மாதம் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனார். போன கோடையில் எழுத்து வேலை இருந்ததால் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, சாலோமியின் தம்பி அப்பாத்துரை ஊர்க்கதை சொன்னான். அவன் கருப்பட்டி வியாபாரி. விளைகளில் நடப்பதெல்லாம் அவன் காதுக்கு வந்துவிடும்.

"அத்தான், நம்ம சங்கிலிபூதத்தானுக்கும் அவரு தம்பி முத்துமாலைக்கும் பேச்சுவார்த்தை அத்துப்போச்சு தெரியுமா? ரெண்டு வருசமாச்சு."

"எதுக்கு?"

"பிடிமண்ணக் களவாண்டுட்டாம்னு."

வாத்தியார் கை சோற்றில் நின்றது.

பிடிமண் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊர் மாறிப் போகிறவர்கள் சாமியை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது ஊரில் புதைத்து அதன்மேல் பீடம் போடுவார்கள். அந்த மண்தான் சாமி. பீடம் அதற்கு மேல்கூரை. சின்ன வயதில் பக்கத்து வீடுகளில் எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. வேதக்காரப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒதுக்கி வைத்து ஒதுக்கி வைத்து, களைக்கொத்தியோடு அங்கே குந்தியபோது அது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

"அந்த வருசம் ஐப்பசி மழையில பீடம் பின்பக்கமா எறங்கிட்டு. செப்பனிடலாம்னு தோண்டிப் பாத்தா மண்ணக் காணல. அவுக அப்பன் பாபநாசத்து மலைக்கு மேல அய்யனார் கோயில்லருந்து ஓலைப்பெட்டி நெறையக் கொண்டாந்த மண்ணு அது. மலங்காட்டுக் கறுப்பு மண்ணு. முத்துமாலை அப்பத்தான் திசையன்விளைக்குக் குடி போயிருந்தான். எனக்கும் ஒரு பிடி குடுன்னு அண்ணங்கிட்ட கேட்டிருக்கான். சாமிக்கு அடுத்த கொடைத் திருவிழா வரட்டும், பாப்போம்னு இவரு சொல்லியிருக்காரு. பொறுக்கமாட்டாம ஒளிச்சு எடுத்துட்டுப் போயிட்டாம்னு இவரு ஊருக்கு நடுவுல வச்சுக் களவாணிப்பயன்னு சொல்லிட்டாரு. அவன் சத்தியம் பண்ணான், அழுதான், ஒருத்தரும் நம்பல. போன தையில அவன் மவ சுடலைவடிவுக்குக் கல்யாணம். பெரியப்பன் வீட்டுலருந்து ஒரு குஞ்சு போவல."

அப்பாத்துரை ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அப்போது வாத்தியார் மனதில் முதலில் வந்து நின்றது முத்துமாலை இல்லை. அது தேரி வண்டு இல்லை, மலை வண்டு என்பதுதான் முதலில் வந்தது. பாபநாசத்து மலை ஈரத்தில் பிறந்து, ஓலைப்பெட்டியில் வந்து, பேச்சித்தாய் ஊற்றிய தண்ணீரில் பிழைத்துக் கிடந்த ஜந்து. சுடுமணலில் வாழ்கிறது என்று உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது. அச்சான பெயர் தப்பென்று தெரிந்தாலும் மாற்ற முடியாது, அது சாஸ்திர விதி. இத்தனையும் ஓடி முடிந்த பிறகுதான், ஒரு மனுஷன் இரண்டு வருஷமாகத் தன்னால் திருடன் பெயரைச் சுமக்கிறான் என்பது உறைத்தது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டாமா என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சாலோமியிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அந்த மண்ணு எங்க?" என்றாள்.

"பிச்சிக்குத்தான் ஊத்துனேன்."

அவள் கோவில் பூச்சாடியை நினைத்திருப்பாள். "இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. நாளைக்குன்னு வச்சா நீங்க போவமாட்டீங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடையில் ஒளிந்துகொண்டு போன அதே வழியில் போனார். சங்கிலிபூதத்தான் விளையில் பனைநார் கிழித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தட்டி உட்காரச் சொன்னார். வாத்தியார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பாதியில் குழம்பி, திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

சங்கிலிபூதத்தான் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். "எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரு பூச்சிக்கு."

பத்திரிகையைப் பிரித்துப் படத்தைக் காட்டினார். ஏன் காட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தை அடைத்துக்கொண்டு வண்டு பெரிதாக நின்றது. சங்கிலிபூதத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசா கெடந்துச்சு?"

"இல்ல. எள்ளுல பாதி இருக்கும்."

"எள்ளுல பாதிக்கு எந் தம்பிய நான் களவாணிப்பயன்னு சொன்னேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "எங்கிட்ட கேட்டிருந்தா நானே தோண்டி ஒரு பிடி தந்திருப்பேன், வாத்தியாரையா. அண்ணன் தம்பிக்குக் குடுக்கத்தான் கொடை வரணும். உங்களுக்கென்ன, பூச்சி பாக்கத்தான கேக்கிய."

இதை எதிர்பார்க்காத வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டுமானால் வண்டி பேசித் தருகிறேன், மலைக்குப் போய் வேறு மண் எடுத்து வரலாமே என்று தடுமாறினார். அதில் கொஞ்சம் தந்திரமும் இருந்தது. மண் தன் கொல்லையில் கிடப்பது காம்பவுண்டில் தெரியாமல் முடிந்துவிடும்.

"அது எங்க அப்பன் சொமந்த மண்ணு. அது இருக்கையில வேற எதுக்கு? நாங்க வந்து எடுத்துக்கிடுதோம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலையில பாளையங்கோட்டைக்கு வாங்க. எல்லாரும் கோவிலுக்குப் போயிருப்பாவ. பின்வாசல் வழியா வந்தீங்கன்னா தொந்தரவு இருக்காது."

சங்கிலிபூதத்தான் அவரை ஒருமுறை பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே திசையன்விளைக்கு நடந்தார்.

பாளையங்கோட்டைக்கு வந்து வாத்தியார் பம்பாய்க்கு ஒரு திருத்தம் அனுப்பினார். வண்டு கிடந்த மண் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டதாகத் தெரியவருகிறது என்று எழுதினார். யார் கொண்டுவந்தது, யார் எதன் அடியிலிருந்து எடுத்தது என்று அதில் ஒரு சொல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். சாலோமி நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே சேலையை மாற்றிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் அவள் பிச்சி பறிக்கவில்லை.

முதல் மணி அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே இறங்கினார்கள். பேச்சித்தாய் புது ஓலைப்பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பின்னால் உறவுக்காரர்கள் சிலர். வாத்தியார் பின்வாசலைத் திறந்து, பைய வரும்படி கைகாட்டினார். பாத்தியை ஏற்கனவே கொத்தித் தயாராக வைத்திருந்தார்.

முத்துமாலை வாசலைத் தாண்டவில்லை. ஒல்லியான மனுஷன். காம்பவுண்டு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு ஆளையும் காணல?"

"கோவில்ல இருக்காவ. இப்ப யாரும் வரமாட்டாவ. எடுத்துக்கிடலாம்."

"எடுக்கையிலயும் ஆளில்லா நேரம், குடுக்கையிலயும் ஆளில்லா நேரமா?" என்றார் முத்துமாலை. "ரெண்டு வருசம் களவாணிப் பட்டம் சொமந்தவன் நான், வாத்தியாரையா. எம் மவ மணவறையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டிருந்தா, பெரியப்பன் வருவாரான்னு. இந்த மண்ணையும் பின்வாசல் வழியா வாங்கிட்டுப் போனா, நாளைக்கு எவன் வேணும்னாலும் என்னச் சொல்லுவான். நாலு பேரு பாக்கத் தாங்க. இல்லன்னா எனக்கு வேண்டாம்."

சங்கிலிபூதத்தான் தம்பியோடு நடந்தார். எல்லாரும் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், தெருவோரத்து வாகைமர நிழலில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கோவில் வாசல் நேரே தெரியும். கோவிலில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியிருந்தது.

வாத்தியார் பிச்சிப் பாத்திப் பக்கம் நின்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். காய்ச்சல் என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வெளியே இருப்பவர்கள் காத்திருந்துவிட்டு வண்டியேறிப் போய்விடுவார்கள். சண்டை போடுகிறவர்கள் இல்லை. அண்ணன் தம்பி மனக்கசப்பும் எப்படியோ தீர்ந்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குச் சாதகமாக அடுக்கிக்கொண்டே போனார். சுண்ணாம்புப் பீடத்தின் பின்னால் குந்தியபோதும் இதே குரல்தான் உள்ளே பேசியது என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

கோவில் விட்டது. ஜனம் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. வாகைமரத்தடியில் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். குருவானவர் நின்றார். தலைமையாசிரியர், வாத்தியார் வீட்டு வாசலில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கிற முகத்தோடு முன்னால் வந்தார். சாலோமி வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

தேவசிகாமணி வாத்தியார் பாத்தியில் மண்டியிட்டு, வேரடி மண்ணை இரண்டு கையாலும் அள்ளினார். முன்வாசலைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார். கட்டியிருந்த வேட்டியெல்லாம் சேறு. வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. அன்று அது பாதிகூட எழும்பவில்லை.

"இது இவங்க சாமி மண்ணு" என்றார். "பீடத்துக்கு அடியிலருந்து நான்தான் எடுத்தேன். கேக்காம, ஆளில்லாத நேரம் பாத்து எடுத்தேன். முத்துமாலை எடுக்கல. நீங்க கைதட்டுன அந்த வண்டு இதுலதான் கெடந்துச்சு."

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். வாத்தியார் கையைச் சங்கிலிபூதத்தான் பக்கம் நீட்டினார்.

"எங்கிட்ட வேண்டாம்" என்றார் அவர். "தம்பி கையில குடுங்க."

முத்துமாலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேச்சித்தாயிடமிருந்து ஓலைப்பெட்டியை வாங்கி இரண்டு கையாலும் ஏந்தினார். அவர் கண் நிறைந்திருந்தது. வாத்தியார் மண்ணைப் பைய அதில் விட்டார். ஈரக் கட்டி உடைந்து, கறுப்பு மண் பெட்டிக்குள் சரிந்தது. ஊரே பார்க்க, சபையே பார்க்க, அந்த நேரத்திலும் அவர் கண், சரிகிற மண்ணில் தேன் நிறத்தில் ஒரு புள்ளி நடக்கிறதா என்று தேடியது.

அவர் தேடுவதைச் சாலோமி பார்த்துவிட்டாள். அதன் பிறகு வெகுநேரம் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.